குதிரை மிரண்டால் இந்தக் குழாய்

ஹெப்பாளில் சின்ன ஷெட் வைத்து வண்டிகளுக்குப் புகைக்குழாய் மாட்டுகிறேன். எனக்கு அதிகம் பேச வராது. ஒருநாள் ஒருவர் எட்டு சிலிண்டர் உள்ள பழைய அமெரிக்கக் காரைக் கொண்டுவந்தார். எஞ்சினோடு சேரும் ஹெட்டர் குழாயில் இரண்டு வகை வாங்கி வைத்திருந்தார். நீளமானது சைலன்சரில் போய்ச் சேரும், இழுவையும் நன்றாக இருக்கும். குட்டையானது சைலன்சரே இல்லாமல் காருக்கு அடியிலேயே புகையை விடும். நான் நீளமானதைச் சொன்னேன்.

"முதல்ல குட்டையை மாட்டு குரு, சவுண்டு பாக்கணும்," என்றார். இங்கே யாரையும் குரு என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாட்டியதும் என்னையும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் இருக்கும் தேவராஜ மொஹல்லா பேட்டைக்குப் போனார். அங்கே டாங்கா வண்டிக்காரர் ஒருவர் தன் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். கார் அதன் பின்னால் போய் நின்றது.

"குதிரை மிரண்டா இந்தப் பைப்பு. மிரளலன்னா நீ சொன்ன பைப்பு."

வேண்டாம் சார் என்று நான் வாயெடுப்பதற்குள் ஆக்சிலரேட்டரை அழுத்திவிட்டார்.

குதிரை பாய்ந்தது. கடிவாளத்தைப் பிடித்த வண்டிக்காரர் தார் ரோட்டில் இழுபட்டார். முழங்காலெல்லாம் ரத்தம். கார்க்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடிபட்டவரோ எழுந்து, "பர்வாகில்லா சார்," என்று கன்னடத்தில் பரவாயில்லை சொல்லி இவரையே கும்பிட்டார்.

ஷெட்டுக்கு வந்ததும் அந்தக் குழாயைக் கழற்றினேன். "இத என் கையால மாட்ட மாட்டேன் சார்."

"ஊர்ல நீ ஒருத்தன்தானா குரு?" என்று கேட்டுவிட்டு, காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அவர் சொன்னது சரிதான். யாரோ மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் இப்போதும் எங்கள் ரோட்டில் போகிறது. சாப்பிடும்போது கேட்டால், அடுத்த வாய் உள்ளே இறங்குவதில்லை.