பொன்னுதுரை எடுக்காத படம்

மலாக்காவின் காஜா பெராங்கில் போட்டோக்காரர் பொன்னுதுரையைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்களா என்றால், அது வேறு கதை. சுதந்திரம் வரப்போகிறது என்று மலாக்கா திடலில் அறிவித்த அன்று ஊரே திரண்டு நின்றது. நம் ஆளும் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். படத்தைக் கழுவிப் பார்த்தால் அத்தனை பேருடைய முதுகும் பளிச்சென்று விழுந்திருந்தது. “முதுகும் மனுஷனோடதுதானே?” என்று சொல்லி அதையே சட்டம் போட்டுக் கடைவாசலில் மாட்டிவிட்டார்.

ஆனால் கல்யாணப் படம் என்று வந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தாலி ஏறும் கணத்தை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. மேளம் கொட்டி, கூட்டமே அட்சதையை வாரி இறைக்கும்போது அவர் கை மட்டும் கேமராவை விட்டு நகராது. “இத்தனை கல்யாணம் பாத்துட்டீங்க, ஒரு ஜோடிக்காவது அரிசி போட்டிருப்பீங்களா?” என்று மனைவி சிவகாமசுந்தரி சீண்டுவாள். “ஆண்டவன் ரெண்டு கைதானே குடுத்திருக்கான்” என்பார்.

சுதந்திரம் வந்த மறுவருஷம், தலைமுறை தலைமுறையாய் மலாயே பேசி வாழ்ந்த மலாக்காச் செட்டிகளின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து அப்பாசாமியின் ஒரே மகள் காமாட்சி கடைக்கு வந்தாள். கூடவே மாணிக்கவாசகம். ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, நாலு எழுத்துப் படித்து, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குப் போயிருந்த பையன். அப்பாசாமி இந்தச் சம்பந்தத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை. செட்டி வீட்டுப் பெண் செட்டி வீட்டுக்குத்தான் போக வேண்டும். மலாய் பேசி வளர்ந்த பிள்ளை தோட்டத்துத் தமிழ் மாமியாரிடம் என்னத்தைப் பேசுவாள் என்பது அவர் கட்சி. அதனால் இருவரும் மலைக்குப் போய், அங்கே தோட்டத்து முருகன் கோயிலில் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்துவிட்டார்கள்.

“நான் போனதும் ஊர் என்ன சொல்லும்? தாலியில்லாம ஒருத்தன்கூட போயிட்டான்னு சொல்லும். அப்பா அதைக் கேட்டு உடைஞ்சுபோவாரு” என்று காமாட்சி மலாயில் சொன்னாள். “தாலி ஏறுறத அவரு படத்துலயாவது கண்ணால பாக்கணும். அப்பதான் எனக்குத் திரும்ப அந்த வீட்டுக் கதவு திறக்கும். நீங்க வரணும், அபாங்.”

பொன்னுதுரைக்கு இளகின மனசு. அபாங் என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்ட பிறகு மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

மூவரும் விடியற்காலையில் டாக்சி ஏறினார்கள். மலைப்பாதையில் போலீஸ் சோதனை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசியைக்கூட மேலே விடாத காலம் அது. அட்சதை இல்லாமல் ஒரு கல்யாணமா என்று பொன்னுதுரை மஞ்சள் தடவிய அரிசியைப் பிலிம் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். போலீஸ்காரர் டப்பாவை எடுத்ததும், “ஐயோ துவான், திறந்தா வெளிச்சம் பட்டு எல்லாப் படமும் பாழ்!” என்று பதறினார். அந்தப் பதற்றத்தில் நடிப்பு பாதிதான். போலீஸ்காரர் டப்பாவைப் பவ்யமாகத் திருப்பிக் கொடுத்தார்.

மேலே போனால் ஒரே பனி. வேலை நாள் என்பதால் தோட்டத்து ஜனங்கள் எல்லாம் கொழுந்து கிள்ளப் போயிருந்தார்கள். தகரக்கூரைக் கோயிலில் பண்டாரம் ஒருவர்தான். மேளமில்லை, நாதஸ்வரமில்லை. பொன்னுதுரை முக்காலியில் கேமராவை நிறுத்தி, சட்டையால் கண்ணாடியைத் துடைத்து, மாலையும் கழுத்துமாய் இருவரையும் ஒரு படம் எடுத்தார். அடுத்தது தாலிப் படம். விசையில் விரல் தயார்.

பண்டாரம் ஒரு கையில் மணியும் மறு கையில் கற்பூரத் தட்டுமாக மந்திரம் சொன்னார். மாணிக்கவாசகம் தாலியை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் காமாட்சி தலையை உயர்த்திச் சுற்றுமுற்றும் ஒரு தரம் பார்த்தாள். யாராவது வந்திருக்கிறார்களா என்று பார்த்த பார்வை. ஒருவரும் இல்லை. அந்த முகத்தைப் பொன்னுதுரையால் தாங்க முடியவில்லை. மணி அடித்தது. அவர் டப்பாவைக் கவிழ்த்து, இரண்டு கையிலும் அரிசியை அள்ளி, “நல்லா இருங்கம்மா, நல்லா இருங்க!” என்று கத்திக்கொண்டே இருவர் தலையிலும் போட்டார்.

மூன்றாவது முடிச்சும் விழுந்தது. அப்போதுதான் அவருக்குக் கேமரா ஞாபகம் வந்தது.

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “கெடுத்துட்டேனே தம்பி” என்று தலையில் அடித்துக்கொண்டார். “விடுங்கண்ணே. கழுத்துக்குப் பின்னால கையை வச்சு, கட்டுற மாதிரி நிக்கிறேன். யாருக்குத் தெரியப் போவுது?” என்றான் மாணிக்கவாசகம். காமாட்சி தாலியைக் கையால் பொத்திக்கொண்டாள். “வேணாம். அப்பாவுக்குப் பொய்யைக் குடுத்தனுப்ப மாட்டேன். இப்ப இருக்கிறபடி எடுங்க.” கலங்கின கண்ணோடு அவர் எடுத்தார்.

ஊர் திரும்பிய பொன்னுதுரை இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு அப்பாசாமி வீட்டுக்குப் போனார். உட்காரச் சொல்ல ஆளில்லை. அப்பாசாமி நின்றபடியே முதல் படத்தைப் பார்த்தார், இரண்டாவதையும் பார்த்தார்.

“தாலி மானா?” என்றார். கட்டுகிற படம் எங்கே என்று கேட்கிறார்.

“எடுக்கலீங்க ஐயா. கட்டினது சத்தியம். தப்பு என்னோடது.”

அப்பாசாமியின் முகம் இறுகியது. படங்களைத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினவர், பாதியில் நிறுத்தி, இரண்டாவது படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மகளின் கூந்தலில் வெள்ளை வெள்ளையாய் ஏதோ ஒட்டியிருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

“அட்சதையா?”

“ஆமாங்க.”

“யார் போட்டது?”

“நான்தாங்க. அங்க வேற யாரும் இல்ல. பிள்ளை சுத்திச் சுத்திப் பாத்துச்சு, எனக்கு மனசு கேக்கல. அதனாலதான் படம் போச்சு.”

அப்பாசாமி படங்களைப் பக்கத்தில் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு, பொன்னுதுரையை உட்கார வைத்து, அவருடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். 

“அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு” என்றார் மலாயில். “பெத்தவன் நான் இன்னும் அரிசி போடல.”