சாவிக்கா மூஞ்சியத் திருப்பிக்கிட்ட வாரம்

சாவிக்காவுக்குப் பெத்தவங்க வச்ச பேரு ஒண்ணு இருக்கத்தான் செய்யுது. கேட்டா அவளே கொஞ்சம் யோசிச்சுத்தான் சொல்லுவா. சுரங்க வாசல்ல, கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாடி, சாவிப் பலகையோட வருஷக்கணக்கா உக்காந்து அதுவே பேரா ஒட்டிக்கிச்சு.

அந்தச் சுரங்கம் தரைக்கடியில வட்டமா ஓடுது. அதுக்குள்ள ஒரு எஃகுக் குழாய். அதுல காத்தையெல்லாம் உறிஞ்சி எடுத்துட்டு, கண்ணுக்குத் தெரியாத துகள்களைச் சுத்த விடுவாங்க. வெளிச்சத்தோட வேகத்துக்கு ஒரு மயிரிழைதான் கம்மி. அந்த மயிரிழையை மட்டும் என்ன தள்ளு தள்ளினாலும் தாண்டாதாம். தள்ளத் தள்ள வேகம் கூடுறது கொஞ்சூண்டுதான், முட்டுற பலம்தான் ஏறிக்கிட்டே போகுமாம். ஒரு தடவை அந்தத் துகள் கூட்டம் லேசா வழி தவறி, விரல் தடிமன் தகட்டைப் பொத்துக்கிட்டுப் போச்சு. தகட்டுக்கே அந்தக் கதி. மனுஷன் நின்னா?

அதுக்குத்தான் சாவிக்கா. உள்ள போறவங்க போனை அவகிட்ட குடுத்துட்டு ஆளுக்கொரு சாவி எடுத்துக்கணும். ஒரு சாவி கொறஞ்சாலும் மெஷின் கெளம்பாது. வெளிய வந்ததும் சாவியை நீட்டி, வாயைத் திறந்து, "வெளிய வந்துட்டேன்"னு சொல்லணும். அவளும் அவங்க மூஞ்சியப் பாத்து, "வந்துட்டீங்க"ங்கணும். தலையாட்டுறது, கனைக்கிறது எதுவும் செல்லாது.

அவளுக்கு இது கைவந்த வேலை. முன்னாடி ரயில் நிலையத்துல பெட்டி படுக்கை வாங்கி வைக்கிற ரூம்ல இருந்தா. ஒருத்தர் சாமான் இன்னொருத்தருக்குப் போனதில்ல. அங்க ஒரு குழாய் ஃபிட்டர் ஒரே பையைக் கொண்டாந்து வைப்பாரு, எடுப்பாரு, மறுநாளும் வைப்பாரு. பைக்குள்ள பழைய பேப்பர்தான்னு அவளுக்கு அவரையே கட்டிக்கிட்ட அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தப் பைக்காரரே இந்தச் சுரங்கத்துலயும் குழாய் ஜாயின்ட் பாக்குறாரு. அவரு சாவி ஏழாம் நம்பர்.

சண்டை வந்தது கேன்டீன்ல. விஞ்ஞானி அம்மா டீ குடிச்சுக்கிட்டே சொன்னாங்க: "இந்த வேகத்துல ஒருத்தர் ராக்கெட்ல போய்ட்டு வந்தா, அவருக்கு ரெண்டு வருஷம்தான் ஆகியிருக்கும். இங்க இருக்கிறவங்களுக்கு முப்பது வருஷம் ஓடியிருக்கும்."

குழாய்க்காரருக்கு வாய் சும்மா இருக்குமா? "அப்போ என்னை அனுப்புங்கம்மா. நான் மாப்பிள்ளை மாதிரி வந்து எறங்குவேன், இவ கிழவியா நின்னு வழி பாத்துக்கிட்டு இருப்பா."

கேன்டீனே சிரிச்சுது. சாவிக்கா சிரிக்கல. "போற வழி நல்ல வழியாம்மா?"ன்னு கேட்டா.

"எங்கக்கா! வெட்டவெளின்னு பேருதான். அங்கங்க அணு மிதக்கும். அந்த வேகத்துல போனா ஒவ்வொண்ணும் நம்ம குழாய்ல ஓடுற துகள் மாதிரியே வந்து உடம்பத் துளைக்கும். ஒரு தூசி மோதினா குண்டு வெடிச்ச மாதிரி."

"கேட்டுக்கிட்டீங்களா மாப்பிள்ளை? எறங்கும்போது சல்லடையாத்தான் எறங்குவீங்க." சொல்லிட்டு எழுந்து போனவதான். வீட்டுல அதுக்கப்புறம் சுவரைப் பாத்துத்தான் பேச்சு. வாசல்ல மட்டும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, "வந்துட்டீங்க." அதைக் கேக்கவே அந்த மனுஷன் ஒரு நாள்ல நாலு தடவை உள்ள போய்ட்டு வந்தாருன்னு வாட்ச்மேன் சொல்லிச் சிரிப்பாரு.

அந்த வாரம் பூரா மெஷினை நிறுத்திப் பண்ணின ரிப்பேர் முடிஞ்சு, கடைசி நாள் அதை ஓட்டுற நேரம். பலகையில எல்லாச் சாவியும் வந்தாச்சு, ஏழு மட்டும் வரல. கன்ட்ரோல் ரூம்லேருந்து, மெஷினைக் கெளப்புற பட்டனை அமுக்குற பட்டன் சார் போன் போட்டாரு.

"என்னக்கா, வீட்டுக்காரர் பாக்கெட்ல போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரா? விஞ்ஞானி அம்மாகிட்ட மாத்துச் சாவி இருக்கு. அவரு வெளிய வந்ததைப் பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஒரு வார்த்தைதான். ஆனா சாவிக்கா எங்க பாத்தா? கொஞ்சம் முன்னாடி ஜன்னல்கிட்ட செருப்புச் சத்தம் கேட்டுச்சு. அவராத்தான் இருக்கும், நிக்கட்டும்னு, முதுகைக் காட்டிக்கிட்டு அடுக்கின போனையே திருப்பி அடுக்கினா. திரும்பினா ஆளக் காணோம். அது அவரா, வேற யாராச்சுமா?

அவரு நம்பருக்கு அடிச்சுப் பாத்தா. பக்கத்துப் பெட்டிக்குள்ளேயே மணி அடிச்சுது. வெளிய வந்தவரு போனை எடுக்காமலா போவாரு?

"பாக்கலை சார்."

"வாசல்லயே உக்காந்துக்கிட்டு பாக்கலியா?"

"மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

பட்டன் சார் போனைக் கை மாத்தினாரு. அப்புறம் விஞ்ஞானி அம்மா குரல்: "யாரும் எதையும் தொடாதீங்க. உள்ள தேடுங்க. அக்கா, நீங்க மைக்குல கூப்பிடுங்க."

வாட்ச்மேன் டார்ச்சோட உள்ள எறங்கினாரு. "ஏழாம் நம்பர், வாசலுக்கு வரவும்"னா சாவிக்கா. ஆள் வரல. திரும்பவும் சொன்னா. குழாய்க்கு அந்தப் பக்கம் தலையில ஏதாச்சும் இடிச்சு விழுந்து கிடக்குறாரோ? அப்புறம் நம்பரெல்லாம் போச்சு.

"என்னங்க, நான்தாங்க. எங்க இருந்தாலும் ஒரு சத்தம் குடுங்க. கிழவின்னு சொன்னீங்கல்ல, சரி, நான் கிழவியாவே இருந்துட்டுப் போறேன். நீங்க மாப்பிள்ளையாவே இருங்க. வெளிய மட்டும் வந்துடுங்க."

பதட்டத்துல பட்டன் சார் சுரங்கத்து ஸ்பீக்கரோட வளாகம் முழுக்க இருக்கிற ஸ்பீக்கரையும் போட்டு விட்டிருந்தாரு. கேன்டீன்ல கையில எடுத்த டம்ளர் அப்படியே நின்னுச்சு. சைக்கிள் ஷெட்டுல, 'அவளாத் திரும்பிப் பாக்கட்டும்'னு வீம்பா போய் உக்காந்து, அப்படியே கண்ணசந்துட்ட ஒருத்தர் துள்ளி எழுந்தாரு.

மூச்சிரைக்க ஜன்னல்ல வந்து நின்னாரு. கையில ஏழாம் நம்பர். பின்னாடி பாதி கேன்டீன்.

"வெளிய வந்துட்டேன்."

சாவிக்கா அவரை உச்சியிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் பாத்தா.

"அக்கா, சொல்லுங்கக்கா, எல்லாரும் காத்திருக்கோம்"னாரு பட்டன் சார் போன்ல.

"இருக்கட்டும்."

"ஏண்டி, அரை மணி நேரம்கூட ஆகலியே, அதுக்குள்ள இப்படியா ஊரைக் கூட்டுவ?"

"உங்களுக்கு அரை மணி. எனக்குப் பத்து வயசு கூடிப்போச்சு."

குழாய்க்காரரு பின்கழுத்தைச் சொறிஞ்சாரு. "அப்போ ராக்கெட்டே வேணாம்போல. சைக்கிள் ஷெட்டே போதும்."

சிரிப்பு வந்துடுச்சு. மூஞ்சியத் திருப்பிக்கலாம்னா சட்டம் விடாது. அவரு மூஞ்சியப் பாத்தே, "வந்துட்டீங்க"ன்னா. சாவியை வாங்கிப் பலகையில மாட்டினா. தரைக்கடியில மெஷின் உம்முன்னு கெளம்புச்சு.