இருபத்தேழு மர உருண்டைகள்

இடது கை உளியை அழுத்திப் பிடித்திருக்க, வலது கை பிடியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பியது. சுழலும் மரத்திலிருந்து சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது. காலிப்பர் முப்பத்தேழு மில்லிமீட்டர் காட்டியது. பதினான்காவது பெரிய உருண்டை. அதன் இடுப்பைச் சுற்றி அரை மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு கோடு கீறிய பிறகே கடைசல்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். அந்தக் கோடு சோடியம் என்ற உலோகத்துக்கு அடையாளம்.

முப்பது வருடங்களாகக் கட்டில் காலும் கதவுப் பிடியும் கடைந்தவர். உருண்டை கடைவது மகளுக்காக. போன வருடக் காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. அறிவியல் பிரிவில் அவளை வைத்துக்கொள்ளப் பள்ளியில் தயங்கினார்கள். திங்கட்கிழமை காலை ஏதாவது ஒரு பாடத்தைத் தொட்டு விளக்கிக் காட்டட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றார் வேதியியல் ஆசிரியை. சோடியமும் குளோரினும் உப்பாகும் பாடத்தை மகள் எடுத்துக்கொண்டாள்.

மனைவி புத்தகத்திலிருந்து அணுக்களின் அளவைப் படிக்க, அவர் மரத்துக்கேற்ப மாற்றிச் சுவரில் எழுதியிருந்தார்: சோடியம் முப்பத்தேழு, குளோரின் இருபது. பக்கத்துக்கு மூன்றாக அடுக்கும் கனசதுரத்துக்குப் பதினான்கு பெரியவை, பதின்மூன்று சிறியவை.

ஞாயிறு காலை மனைவி மேலே படித்தாள். சோடியத்தின் வெளிவட்டத்தில் ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரினின் வெளிவட்டம் நிறைய ஒன்று குறை. சோடியம் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது நேர்மின் அயனி, வாங்கியது எதிர்மின் அயனி. இரண்டும் ஒன்றையொன்று இழுப்பதே அயனிப் பிணைப்பு.

கோடு போட்ட உருண்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்த மகள் நிறுத்தச் சொன்னாள்.

"வெளிவட்டமே போயிடுச்சுன்னா சோடியம் எப்படிப்பா இவ்ளோ பெரிசா இருக்கும்?"

மனைவி பக்கத்தைப் புரட்டினாள். அயனிகளின் அளவு அங்கே தனியாக இருந்தது. சோடியம் சுருங்கியிருந்தது, குளோரின் பெருத்திருந்தது.

"நாலு கண்ணு இருந்தும் ஒரு பக்கம் தள்ளிப் பாக்கலையா? நல்ல ஜோடிதான் போங்க," என்றாள் மகள்.

மரத்தைக் கடைந்து குறைக்கலாம், கூட்ட முடியாது. புது மரம் வாங்க மரக்கடை ஞாயிறு திறக்காது. அவர் சுவரில் எழுதியிருந்ததை மறுபடி ஒருமுறை படித்தார். பிறகு புது அளவுகளைக் கணக்கிட்டுப் பழையவற்றுக்கு நேரே எழுதினார். சோடியம் இருபது, குளோரின் முப்பத்தாறு. பெரியவை குளோரினாகலாம், சிறியவை சோடியமாகலாம். பெரியதில் ஒரு மில்லிமீட்டர்தான் அதிகம்.

ஒரு மில்லிமீட்டர் யாருக்குத் தெரியப்போகிறது, அப்படியே விடுங்கள் என்றாள் மனைவி.

"அவ கைக்குத் தெரியும்," என்றார்.

பதினான்கையும் மறுபடி பூட்டிக் கடைந்தார். சுற்றிலும் அரை மில்லிமீட்டர் போனதும் பழைய கோடும் இருந்த இடம் தெரியாமல் போனது. சிறியவற்றில் புதிதாகக் கோடு கீறினார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துளையிட்டு, விரல் நுழைய இடம் விட்டு முளையடித்து, மாலைக்குள் கனசதுரமாக அடுக்கினார். மகள் விரலை உள்ளே நுழைத்து எண்ணினாள். நடுவிலிருந்த சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின். இந்தக் குளோரின் இந்தச் சோடியத்துக்குத்தான் சொந்தம் என்று ஒரு ஜோடியைப் பிரித்துக் காட்ட வழியில்லை.

திங்கட்கிழமை அவரே கனசதுரத்தைத் தூக்கிக்கொண்டு மகளோடு பள்ளிக்குப் போனார். ஆசிரியை கேட்டது ஒரே கேள்வி. "இதுல குடுத்தது எது?"

மகளின் விரல் கோட்டில் நின்றது. "இது டீச்சர். குடுத்ததும் சின்னதாயிடுச்சு. வாங்கினது பெருத்துடுச்சு."

ஆசிரியை தானும் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.

"இது இந்த வகுப்புலயே இருக்கட்டும். இவளும்தான்."

கடைசல்காரர் துண்டால் மரத்தூளை ஒருமுறை துடைத்துவிட்டு, கனசதுரத்தை இரண்டு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார்.