எழுபத்திரண்டு மாடிக்கு அரை டப்பா பெயிண்ட்

எங்கள் ஊரில் இரும்புக்கு ஆயுசு குறைவு. பெரியபட்டினத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற வீடு எங்களுடையது. புதுச் சைக்கிள் வாங்கினால் அடுத்த பெருநாளுக்குள் செயின் மூடி செதில் செதிலாக உதிர ஆரம்பித்துவிடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தால் உள்ளங்கை மருதாணி வைத்ததுபோல ஆகிவிடும். உம்மா வாரம் தவறாமல் வீட்டுப் பூட்டுகளுக்கெல்லாம் தேங்காய் எண்ணெய் போடுவார். எங்கள் தலைக்குக்கூட அவ்வளவு ஒழுங்காக எண்ணெய் வைத்ததில்லை.

இப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு இரும்பையே நம்பிப் பிழைத்தவர் என் வாப்பா. துபாயில் அவருக்கு ஸ்டீல் வேலை. கிரேன் தூக்கிக்கொண்டு வருகிற இரும்பு உத்தரத்தை உயரத்தில் நின்று வாங்கி, துளைக்குத் துளை சேர்த்து, போல்ட் போட்டு முடுக்க வேண்டும். மற்ற பிள்ளைகளின் வாப்பாமார் கடையிலும் ஆபீசிலும் உட்கார்ந்திருந்தபோது என் வாப்பா மேகத்துக்குப் பக்கத்தில் நின்றார். இதை ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

அந்த வருடம் லீவில் வந்திருந்தபோது போனில் ஒரு படம் காட்டினார். கடலோரத்தில் ஒரு கட்டடம். கீழ்ப்பாதி கண்ணாடியாக மின்னியது, மேல்பாதி வெறும் இரும்புக் கூடு. எழுபத்திரண்டு மாடி வரப்போகிறதாம். அவ்வளவு உயரத்துக்குச் செங்கல் அடுக்கினால் கீழ்ச் சுவர் நசுங்கிப் போகாதா என்று கேட்டேன்.

"நம்ம வீட்டைச் சுவரு தாங்குது. அங்கன சுவரு ஒண்ணையும் தாங்கல" என்றார் வாப்பா. "கல்யாணப் பந்தல் போடுறாகல்ல? கால் நட்டு, குறுக்குக் கழி கட்டிட்டா, பெறகு ஓலை வேஞ்சா என்ன, துணி கட்டுனா என்ன? இரும்புதான் பந்தக்காலு. கண்ணாடி சும்மா மேல போட்ட துணி."

காற்றடித்தால் அந்தக் கட்டடம் லேசாக ஆடும் என்றும், ஆடுகிற மாதிரிதான் கட்டுவார்கள் என்றும் சொன்னார். அதற்கெல்லாம் நான் பயப்படவில்லை, அலையில் ஆடுகிற வள்ளங்களைப் பார்த்து வளர்ந்தவள். என் பயம் வேறு. கடலோரத்தில் இவ்வளவு இரும்பை நிறுத்தியிருக்கிறார்களே, துருப்பிடிக்காமல் யார் பெயிண்ட் அடிப்பார்கள் என்று கேட்டேன். வாப்பா சிரித்தார்.

"கண்ணாடியை வச்சு மூடிப்புட்டா உள்ள இருக்குறது யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் கிண்டலுக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு இரும்பு பீரோ அப்படித்தான் எங்களை ஏமாற்றியிருந்தது. முன்னால் பளபளவென்று கண்ணாடி. சுவரோடு ஒட்டியிருந்த பின்பக்கத்தைத் துரு தின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் உம்மா கதவைத் திறந்தபோது கால் மடங்கி, பீரோ சாய்ந்து, மேலே அடுக்கியிருந்த பீங்கான் தட்டு அத்தனையும் போயிற்று. ஆறடி பீரோவுக்கே அந்தக் கதி. இது எழுபத்திரண்டு மாடி, அதன் உச்சியில் என் வாப்பா. பாம்பன் ரயில் பாலத்தில் ஆட்கள் தொங்கிக்கொண்டு சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். துபாய்க்காரர்கள் பாலைவனத்து ஆட்கள், துருவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? ஆகவே இந்த விஷயத்தை நானே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

உம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது தன் வள்ளத்தைக் கரையேற்றிப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான்களில் துரு ஏறாமல் இருக்க அடிக்கிற சிவப்புப் பெயிண்ட் அவரிடம் இருந்தது. ஒரு டப்பா வேண்டும் என்றேன். எதற்கென்று கேட்டார். சொன்னால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார் என்பதால் வாயைத் திறக்கவில்லை.

"சும்மா கேட்டா குடுத்துருவேனா? அந்தா கெடக்கு பாரு நங்கூரம், அதைச் சுரண்டு புள்ள, பெறகு பாப்போம்" என்றார்.

ஒரு மணி நேரத்தில் ஓடிவிடுவேன் என்று நினைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் ஆறு நாள் விடாமல் போனேன். உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் தோல் உரிந்தது. சோற்றில் கை வைத்தால் ரசம் சுரீரென்று எரிந்தது. வாப்பா பார்த்துவிட்டுக் கேட்டபோது, கயிறு இழுக்கிற போட்டி என்று புளுகினேன். ஏழாம் நாள் மாமா நங்கூரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அரை டப்பா பெயிண்டும் மயிர் கொட்டிய பிரஷ் ஒன்றும் எடுத்துக் கொடுத்தார். அரை டப்பா எழுபத்திரண்டு மாடிக்குக் காணாது என்று எனக்கும் தெரியும். வாப்பா நிற்கிற உத்தரத்துக்கு மட்டுமாவது அடித்துக்கொள்ளட்டும் என்று வைத்துக்கொண்டேன். கீழே இருக்கிற எழுபத்தொரு மாடியும் சரிந்தாலும் அந்த ஒன்று அந்தரத்தில் நிற்கும் என்பது என் பொறியியல்.

புறப்படுகிற நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து பெட்டி கட்டினார்கள். துபாய்க்குப் போகிற அட்டைப்பெட்டி போகிறவருக்கு மட்டும் சொந்தமில்லை, தெருவுக்கே சொந்தம். நான்கு வீட்டு மாசி, கருவாடு, ஊறுகாய் எல்லாம் அதில் ஏறியிருந்தன. பெரியவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் டப்பாவை வாப்பாவின் வெள்ளைச் சட்டையில் சுற்றி நடுவில் செருகினேன். பிரஷையும் மறக்கவில்லை. மூடியைத்தான் சரியாக அழுத்தவில்லை.

மாமா பெட்டியை எடை பார்க்கத் தூக்கியபோது அடிப்பக்கம் சிவப்பாக நனைந்திருந்தது. கயிற்றை அறுத்தார்கள். உம்மா கையை விட்டுத் துழாவி அந்தச் சட்டையை வெளியே இழுத்தார். கழுத்திலிருந்து கீழ்வரை சிவந்து ஊறிப் போயிருந்தது.

உம்மா போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள். உள்ளேயிருந்து டப்பா உருண்டு விழுந்து, அது பெயிண்ட் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அவர் அழுகை நிற்கவில்லை. சட்டையை விடாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி விழப்போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். யாரும் கையை ஓங்கவில்லை. அதனால் எனக்கு இன்னும் பயம் வந்து, பீரோ, பாலம், நங்கூரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"அது இல்லாம நீங்க போவக் கூடாது வாப்பா. துருப்புடிச்சு அந்தக் கட்டடம் விழுந்துரும்."

வாப்பா என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். தோலுரிந்த என் விரல்களை விரித்துப் பார்த்தார். உம்மா பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அல்லா மேல ஆணையாச் சொல்றேன், இரும்பு விழாது. பெயிண்ட் அடிச்சுத்தான் மேல அனுப்புவாக. நீ பயப்படாத. இரும்பு விழாதும்மா."

எனக்கு அது போதுமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கருவாட்டுப் பொட்டலங்களைத் திரும்ப அடுக்க நானே உதவி செய்தேன். கேவலம் ஒரு சட்டைக்காக இப்படி அழுகிறாரே என்று உம்மா மேல் கோபம்கூட வந்தது. வேன் கிளம்பியபோது தெருவிலேயே சந்தோஷமாகக் கையாட்டியது நான் ஒருத்திதான்.

அந்த லீவு எதற்காக வந்தது என்று கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். வாப்பா ஒரு முனையிலும் பக்கத்து ஊரான உச்சிப்புளிக்காரர் ஒருவர் மறுமுனையிலுமாக நின்று ஒரே உத்தரத்தை முடுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மறுமுனையில் நின்றவர் கீழே விழுந்துவிட்டார். அவருடைய உடலைக் கொண்டுவந்து அவர் வீட்டில் ஒப்படைக்கத்தான் வாப்பா அந்த முறை வந்தார். உத்தரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாளே வேறு இரண்டு பேர் ஏறி மீதி போல்ட்டை முடுக்கினார்களாம். போக வேண்டாம் என்று உம்மா அந்த மாதம் முழுவதும் கெஞ்சியிருக்கிறார். எங்களைப் படிக்க வைத்தே தீருவது என்று வாப்பா அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் அதே வேலைக்கு ஏறி இறங்கினார்.

அந்தச் சத்தியத்தை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். வாப்பா பொய்ச் சத்தியம் செய்கிறவர் இல்லை. அதனால்தான் இரும்புக்கு மட்டும் சத்தியம் செய்தார்.