சாவி கைக்கு வந்தும் ஓட்டாத கார்

எல்லாம் நான் அன்றே சொன்னதுதான். துபாயில் நான் பழகிய அந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒருநாள் எங்கள் பேட்டைக்கே வரும் என்றேன். இன்று வந்துவிட்டது.

தச்சநல்லூர் அண்ணாச்சி ஒருவர் புதிதாக வாங்கி, டிரைவர் தேடிக்கொண்டு எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தார்.

"துபாயில இதத்தான் பன்னெண்டு வருசம் ஓட்டுனேன் அண்ணாச்சி" என்று முன்னால் போய் நின்றேன்.

துபாய் முதலாளி வீட்டில் நின்ற பழைய மாடல், புது மாடல் எல்லாவற்றையும் அடுக்கினேன். முன்விளக்கு முதலில் தவளைக் கண்ணாக நிமிர்ந்திருந்தது. பிறகு படுத்தது, நடுவில் கோணலாகி மறுபடி உருண்டையானது. இடுப்பு அகன்றுகொண்டே போனது. முதுகின் சரிவு மட்டும் மாறவே இல்லை. பார்த்தவன் மயங்குவதே அதில்தான்.

அண்ணாச்சி சொக்கிப்போனார். "நீருதான்வே நம்ம டிரைவர். ஒரு சுத்து ஓட்டிக் காட்டும்" என்று சாவியை நீட்டினார்.

கதவைத் திறந்தேன். கை கால் தன்பாட்டுக்கு வேலை செய்தது. செருப்பைக் கழற்றி, முழங்காலைத் தரையில் ஊன்றி, தோள்துண்டால் ஸ்டீயரிங்கைத் துடைக்கத் தொடங்கிவிட்டேன்.

"ஏன்வே, ஓட்டச் சொன்னா துடைக்கீரு?"

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. அண்ணாச்சி சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலை ஒரு பள்ளி வேன் டிரைவருக்குப் போய்விட்டது.

சரி, ஓட்டினேன் என்றது பொய். பன்னிரண்டு வருடமும் அதைக் கழுவத்தான் செய்தேன். ஆனால் அந்த முதுகைத் தினமும் தடவியவன் இந்த ஊரில் வேறு எவனாவது இருந்தால் கீழே கமெண்டில் வந்து சொல்லட்டும்.