டெல்ஃபினா உருட்டிய பீப்பாய்

ரோக்காஸ்பினா மலையூரில் டெல்ஃபினாவின் சிரிப்பு கோயில் மணியைவிடத் தூரம் கேட்கும். புருஷன் போனபின் கறிக்கடையைத் தனியாளாக நடத்துகிறவள். முழுப் பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறுவாள். ஆனால் திராட்சை அறுவடை முடிந்ததும் நடக்கும் பீப்பாய்ப் பந்தயத்தில் மட்டும் அவளுக்குக் கைதட்டும் வேலைதான். ஊர்வாசலிலிருந்து மாதா கோயில் வரை செங்குத்தான தெருவில் பீப்பாயை உருட்டி ஏற்ற வேண்டும். தெருவுக்கு ஒரு பீப்பாய், பீப்பாய்க்கு இரண்டு ஆண்கள்.

அந்த வருடம் மேலத்தெருவுக்காக உருட்டவேண்டிய அவள் தம்பி நஸ்ஸரேனோவும் ரொட்டிக்கடைக்காரனும் காலை ஒத்திகையிலேயே ஒருவர்மேல் ஒருவர் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார்கள்.

"நான் உருட்டுறேன்" என்றாள் டெல்ஃபினா.

"பாத்து டெல்ஃபினா, பீப்பாயும் நீயும் ஒரே சைசு. எதை உருட்டுறதுன்னு குழம்பிடப்போறாங்க!" என்றான் கீழத்தெருவுக்காக உருட்ட வந்திருந்த முடிதிருத்துபவன் ஓரெஸ்தே.

"நீ சோப்பு நுரையை ஊதிக்கிட்டு ஓரமா வா!"

கொடி அசைந்தது. முதல் திருப்பம்வரை தனியாகவே தள்ளிவிட்டாள். அதற்குமேல் பீப்பாய் பின்னோக்கி நகரத் தொடங்கியது. அப்போது, மேலத்தெரு முனையில் நின்ற சுற்றுலாக் கூட்டத்திலிருந்து வெயிலில் சிவந்த ஒரு நெட்டைப் பெண் பையை வீசிவிட்டு ஓடிவந்து தோள்கொடுத்தாள். அவள் பேசிய பாஷையில் டெல்ஃபினாவுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை.

"தள்ளு தாயி, தள்ளு!"

இருவரும் தள்ளினார்கள். ஜன்னல்கள் அலறின. கிணற்றடியில் ஓரெஸ்தேயைத் தாண்டினார்கள்; மூச்சு வாங்க, கோயில் கதவில் பீப்பாயை முட்டி நிறுத்தினார்கள்.

"வெளியூர்க்காரி! செல்லாது!" என்று கத்தினான் ஓரெஸ்தே.

"மேலத்தெருவுலதானே நின்னா? அப்ப மேலத்தெருக்காரிதான்" என்றார் பாதிரியார்.

நெட்டைப் பெண் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கோபமாக ஏதோ பொரிந்து தள்ளினாள். கூட வந்த வழிகாட்டி நெளிந்தான்.

"என்னப்பா சொல்றா?" என்று அவனைக் கேட்டாள் டெல்ஃபினா.

"இந்தம்மா ஒத்தையா பாரம் தள்றாங்க, ஊரே கைதட்டி வேடிக்கை பாக்குதே, வெக்கமா இல்லையான்னு கேக்குறாங்க. அப்புறம், பீப்பாயை எந்த வீட்டுல இறக்கணுமாம்?"

டெல்ஃபினா அப்படியே தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இது பந்தயம் என்று வழிகாட்டி விளக்கியதும் அந்தப் பெண்ணும் பக்கத்தில் சரிந்து சிரித்தாள். பேருந்து கீழே ஹாரன் அடித்தபடியே இருந்தது; யார் காதில் விழுந்தது? இருவரையும் தோளில் தூக்கி, கழுத்தில் தொத்திறைச்சிச் சரம் போட்டு, ஊர் ஆடிக்கொண்டே இறங்கியது.

மறுவருடப் பந்தயத்துக்கு மூன்று தெருக்களிலிருந்து பெண்கள் வந்து நின்றார்கள். கீழத்தெருப் பீப்பாயின்மேல் கைவைத்து முதல் ஆளாய் நின்றவள் ஓரெஸ்தேயின் பெண்டாட்டி.