லோ கட் போட்டு நிறுத்திய இடி

1. மதியம்

செங்கல்பட்டில் ஒரு சவுண்டு சர்வீஸில் ஆறு வருஷம் கேபிள் சுற்றிய பிறகு, மிக்ஸர் முன்னால் உட்காரும் வாய்ப்பு வந்தது. தொண்ணூறுகளின் கடைசி. மாமல்லபுரத்தில் ஒரு கடற்கரை விடுதியில் ஆர்கெஸ்ட்ரா. கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ரா என்று நினைத்துப் போனேன். வயலின், செல்லோ, கிளாரினெட் என்று நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். பாட ஒருத்தர் கிடையாது.

ஓனர் மாணிக்கம் வேனிலேயே சொல்லிவிட்டார்: "இன்னிக்கு சொதப்பிட்டன்னா நாளைக்கு திரும்ப கேபிள்தான். அப்பறம் என்னாண்ட வந்து நிக்காத."

கடலோரத்தில் எங்களுக்கு ஒரே எதிரி காற்று. மைக்கில் புகுந்தால் ஸ்பீக்கர் உறுமும். அதற்குத்தான் மிக்ஸரில் லோ கட் என்று ஒரு பட்டன். அழுத்தினால் கனத்த, தாழ்ந்த சத்தமெல்லாம் அடங்கிவிடும். கடற்கரை நிகழ்ச்சி என்றால் எல்லா மைக்குக்கும் அதை அழுத்திவிட்டுத்தான் டீயே குடிப்போம். அன்றும் அப்படியே செய்தேன்.

2. ஒத்திகை

கையசைத்து நடத்தியவரே அந்த இசையை எழுதியவர். செய்யூர்ப் பக்கம் வயல்காட்டில் ஒரு நாள், விடிவதில் தொடங்கி கோடை மழைவரை, அதுதான் விஷயம். வாத்தியத்தில் வயல்காடாவது என்று மனசுக்குள் சிரித்தேன். புல்லாங்குழல் விட்டுவிட்டு ஊதியதும் ஏரிக்கரைப் பறவை வந்துவிட்டது. வயலின்காரர்கள் வில்லை விட்டுவிட்டு விரலால் நரம்பைச் சுண்டினார்கள். காய்ந்த பனை ஓலையில் முதல் தூறல் விழுவதுபோல இருந்தது. என் சிரிப்பு நின்றது.

அப்புறம் ஹெட்போனில் லேசாக ஒரு உறுமல். காற்றுதான், லோ கட்டையும் மீறி வருகிறது என்று நினைத்து உறுமல் வந்த இரண்டு மைக்குக்கும் சத்தத்தை ஏற்றி இறக்கும் ஃபேடரை இறக்கினேன். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைப்பு.

வாசிப்பு நின்றது. அவர் இறங்கி மிக்ஸருக்கு வந்து, ஆளுயர வயலின் மாதிரி இருக்கும் டபுள் பாஸும் டிம்பனி முரசும் ஏன் கேட்கவில்லை என்று கேட்டார். காற்றை எடுத்துவிட்டேன் என்றேன்.

"அது காத்துதாங்க. நாங்க வாசிக்கிற காத்து. அத ஏன் எடுத்தீங்க?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. பின்னால் ஓனர் நின்றிருந்தார். திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

இசையை எழுதியவர் திட்டவில்லை. ஹெட்போனைக் கழற்றச் சொல்லி டிம்பனி பக்கத்தில் உட்கார வைத்து, அந்த மழையை மறுபடி வாசிக்க வைத்தார். முதலில் பாஸ் வில்கள் வேகமாக நடுங்கின. அது காற்று. அதன் அடியிலிருந்து முரசு எழுந்தது. இடி என் விலா எலும்பில் கேட்டது. கடல்காற்று நினைத்தபோது அடிக்கும். இந்தக் காற்று வில்லோடு ஏறி வில்லோடு இறங்குகிறது. பார்த்தாலே தெரியும்.

அந்த இரண்டு மைக்குக்கு மட்டும் லோ கட்டை எடுத்தேன். வாத்தியத்துக்கு வெகு அருகில் நகர்த்தி, மைக்கின் பஞ்சு உறைக்கு மேல் துணியும் சுற்றினேன். நிஜக் காற்று புகுந்தால் மொத்தமும் நாறிவிடும் என்றார் ஓனர். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

3. மாலை

மழைக் கட்டம் வந்ததும் கண்ணை பாஸ் வில்லில் வைத்து ஃபேடரை ஏற்றினேன். இடி தூரத்தில் கிளம்பி, நெருங்கி, தலைக்கு மேல் இறங்கியது.

மேடைக்குப் பின்னால், சவுக்குத் தோப்பு ஓரம் ஜெனரேட்டர்காரர் துரை இருந்தார். செய்யூரில் வேர்க்கடலை பயிர் போடுகிறவர். அங்கிருந்து மேடை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். தார்ப்பாயை இழுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார்.

"மழ வந்துகினு கீது அண்ணாத்த, மொதல்ல மிக்ஸர மூடு."

பக்கத்தில் நின்ற ஓனரும் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. துரை தார்ப்பாயைப் பிடித்தபடியே மழை ஓயும்வரை நின்றார்.

மறுநாள் வழக்கம்போல கேபிள் மூட்டையைத் தூக்கினேன். "அத உன்ன யாரு எடுக்கச் சொன்னது?" என்றார் ஓனர்.

கடற்கரையில் லோ கட்டை இன்றும் அழுத்துகிறேன். மேடையில் யார் கை அசைகிறது என்று பார்த்த பிறகு.